மாநகரத்தில் ஒரு பெட்

உத்திரமேரூரில் ரயில் நிலையம் இல்லை. சென்னைக்குப் போக வேண்டுமென்றால் பெரும்பாலும் செங்கல்பட்டுக்கோ காஞ்சிபுரத்துக்கோ பஸ் ஏறி, அங்கிருந்துதான் மேலே போக வேண்டும். இரண்டுமே சுமார் முப்பது கிலோமீட்டர். செங்கல்பட்டிலிருந்து எழும்பூருக்கு ரயிலில் இன்னும் 56 கிலோமீட்டர். மானாம்பதியிலோ சாலவாக்கத்திலோ வீடு இருக்கிறது, காலை ஒன்பது மணிக்குத் தியாகராய நகரில் கடை திறக்க வேண்டும் என்றால், இருட்டில் கிளம்பி இருட்டில் வீடு திரும்ப வேண்டியதுதான். போய்வரவே முடியாத தூரம் என்று ஒதுக்கிவிடவும் முடியவில்லை, போய்வந்து உடம்பைக் காப்பாற்றிக்கொள்ளவும் முடியவில்லை. அதனால் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் நகரத்தில் தங்கிவிடுகிறார்கள்.

'ரூம் போட்டிருக்கான்' என்று ஊரில் சொல்வார்கள். உண்மையில் பலருக்குக் கிடைப்பது ரூம் அல்ல, ஒரு பெட். ஓர் இரும்புக் கட்டில், சுவரில் ஒரு ஆணி, பூட்டுப் போட ஒரு சின்ன அலமாரி. விடுதி தேடுகிறவர் போனில் கேட்பது மூன்று கேள்விகள்: எத்தனை ஷேரிங்? சாப்பாட்டோடயா, சாப்பாடு இல்லாமலா? அட்வான்ஸ் எவ்வளவு? மூன்றும் காசு பற்றியவை, மூன்றும் நியாயமானவை. ஆனால் விடுதிவாசியின் வாழ்க்கை எப்படி அமையும் என்பதைப் பெரிதும் முடிவு செய்வது வேறொரு கேள்வி. அதை அநேகமாக யாரும் கேட்பதில்லை. அந்த பெட் யாருடையது? அதை நடத்துகிறவருக்கும் நமக்குச் சம்பளம் கொடுக்கிறவருக்கும் என்ன தொடர்பு? சென்னையின் நூறு ஆண்டு விடுதி வரலாற்றைப் பின்னோக்கிப் பார்த்தால் வாடகையைவிட இந்தக் கேள்வியின் கனமே அதிகம் என்பது தெரியும்.

சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் சர் சவலை ராமசாமி முதலியார் சத்திரம் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ரயில் பயணிகளுக்காக எழுந்தது. சத்திரம் வழிப்போக்கனுக்கானது, படுத்து எழுந்து அடுத்த ஊருக்குப் போகிறவனுக்கானது. படிக்கவோ வேலைக்கோ வந்து மாதக்கணக்கில் தங்குகிறவனுக்கு அது உதவாது. அப்படி வந்தவனைச் சென்னை முதலில் கேட்ட கேள்வி, 'நீ என்ன ஆளு?'

டாக்டர் சி. நடேச முதலியார் கதை இங்கேதான் வருகிறது. நீதிக்கட்சியின் முன்னோடிகளில் ஒருவரான அவர் 1910களின் நடுவில் திருவல்லிக்கேணியில் 'திராவிடர் இல்லம்' என்ற விடுதியைத் தொடங்கினார். மாகாணத்தின் ஊர்களிலிருந்து கல்லூரிக்கு வந்த பிராமணரல்லாத மாணவர்களுக்கு நகரத்தில் தங்கவும் சாப்பிடவும் இடம் கிடைக்காமல் இருந்ததே காரணம். கல்லூரியில் இடம் இருந்தது, படிக்க ஆள் இருந்தது, நடுவில் படுக்க இடம் இல்லை. விடுதி சில ஆண்டுகளே நடந்தது. ஆனாலும் தமிழகத்தின் சமூகநீதி வரலாற்றில் அதற்கு ஓர் இடம் உண்டு. மாநாட்டுத் தீர்மானங்களைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். அவற்றுக்கு முன்பே ஒரு மருத்துவர் சில கட்டில்களுக்கு ஏற்பாடு செய்ததைக் குறைவாகவே பேசியிருக்கிறோம். ஆதிதிராவிட மாணவர்களுக்கு இந்தத் தேவை இன்னும் கடுமையாக இருந்தது. சைதாப்பேட்டையில் ஆதிதிராவிடத் தலைவர் எம்.சி. ராஜா பெயரால் இயங்கும் கல்லூரி மாணவர் விடுதி அதன் தொடர்ச்சி. 2025 ஜூலையில் தமிழக அரசு தன் நலத்துறைகள் நடத்தும் மாணவர் விடுதிகளை 'சமூகநீதி விடுதிகள்' என்று பெயர் மாற்றியபோது, அந்தப் பெயருக்குப் பின்னால் இந்த நீண்ட வரலாறு இருந்தது.

அதே திருவல்லிக்கேணியில்தான் பிற்பாடு மேன்ஷன்கள் முளைத்தன. கடற்கரைக்கும் மவுன்ட் ரோட்டுக்கும் இடைப்பட்ட நெருக்கமான தெருக்கள். தலைமைச் செயலகம், பல்கலைக்கழகம், மவுன்ட் ரோட்டு அலுவலகங்கள் எல்லாம் பக்கம். நான்கைந்து மாடி, நடுவில் ஒரு வெளிச்சக் கிணறு, சுற்றிலும் வரிசையாக அறைகள், மாடிக்கொரு பொதுக் குளியலறை. ஆண்கள் மட்டும். மருந்துக் கம்பெனி விற்பனைப் பிரதிநிதி, உதவி இயக்குநராகும் கனவோடு வந்தவர், டைப்பிஸ்ட், டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிறவர் என எல்லாரும் ஒரே குழாயடியில் பல் தேய்த்தார்கள். அறையில் சமைக்கக் கூடாது என்பதால் வயிற்றுக்குத் தெருதான் பொறுப்பு. 1948இல் தொடங்கிய ரத்னா கஃபேயின் சாம்பார் இட்லி, அக்பர் சாகிப் தெருவில் டோக்கன் வாங்கிக் காத்திருந்து சாப்பிடும் காசி விநாயகா மெஸ் இரண்டும் மேன்ஷன்வாசிகளைப் பல தலைமுறையாகப் பசியாற்றியவை. மேன்ஷனும் மெஸ்ஸும் சேர்ந்துதான் ஒரு வீடு. ஒன்றைத் தனியாக எடுத்துப் பேச முடியாது.

மேன்ஷன் வாழ்க்கையை இனிப்பாக மட்டும் நினைவுகூர்வது தவறு. மூட்டைப்பூச்சி, கோடைத் தண்ணீர்ப் பஞ்சம், ஞாயிற்றுக்கிழமைத் தனிமை எல்லாம் அங்கே இருந்தன. ஒரு பெண் உள்ளே கால் வைக்க முடியாது என்ற விதி எவ்வளவு கடினமானது என்பதை பாலாஜி சக்திவேலின் 'காதல்' (2004) காட்டியது. மதுரையிலிருந்து ஓடிவந்த ஜோடிக்குச் சென்னையில் தெரிந்த ஒரே முகவரி நண்பனின் மேன்ஷன் அறை. அங்கே அந்தப் பெண்ணுக்கு இடம் கிடையாது. இத்தனை குறைகளுக்கு நடுவிலும் மேன்ஷனுக்கு ஒரு நல்ல குணம் இருந்தது. மேன்ஷன்காரருக்கு வாடகை மட்டும்தான் கணக்கு. நீங்கள் எந்தக் கம்பெனியில் வேலை செய்கிறீர்கள், யாரோடு சண்டை போட்டீர்கள், எப்போது ராஜினாமா செய்தீர்கள் என்பது அவருக்குத் தேவையில்லாத விஷயம். வேலை போனாலும் கட்டில் போகாது. அடுத்த வேலை தேடும்வரை ஒரு மாதமோ இரண்டு மாதமோ தாக்குப்பிடிக்க அந்தக் கட்டில் இடம் தந்தது. கிராமத்திலிருந்து வந்தவருக்கு நகரம் கொடுத்த சுதந்திரத்தில் பெரும்பங்கு இதுதான்.

பெண்களுக்கு அந்தச் சுதந்திரம் தாமதமாகவும் அரைகுறையாகவுமே கிடைத்தது. வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதிகளுக்கு மத்திய அரசு நிதி தரும் திட்டம் 1972-73இல் வந்தது. ஒய்.டபிள்யூ.சி.ஏ. போன்ற அமைப்புகள் அதற்கு முன்பிருந்தே சில விடுதிகளை நடத்தின. தேவைக்கு முன்னால் அவையெல்லாம் சிறு துளி. மிச்சத்தைத் தனியார் 'லேடீஸ் ஹாஸ்டல்'கள் நிரப்பின. குடியிருப்பு வீட்டை மரப்பலகையால் தடுத்து, ஹாலில் ஆறு கட்டில் போட்டு, வாசலில் ஒரு பலகை மாட்டினால் ஹாஸ்டல் தயார். பல ஆண்டுகள் இவற்றைக் கேட்பாரில்லை.

2014 ஜூனில் பொள்ளாச்சியில் ஒரு தனியார் விடுதியில் தங்கியிருந்த இரண்டு சிறுமிகள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள். அதே ஆண்டு, பெண்களும் குழந்தைகளும் தங்கும் விடுதிகள், இல்லங்களை முறைப்படுத்தத் தமிழக அரசு தனிச் சட்டம் கொண்டுவந்தது. பதிவு, உரிமம், காப்பாளர், காவல், ஆய்வு எல்லாம் அதில் இருக்கின்றன. ஆனால் 2018 டிசம்பரில் சென்னை ஆதம்பாக்கத்தில் ஒரு பெண்கள் விடுதியின் ப்ளக் பாயின்ட், பல்பு போன்றவற்றுக்குள் ரகசிய கேமராக்கள் இருந்ததை அங்கே தங்கியிருந்தவர்களே கண்டுபிடித்தார்கள், நடத்தியவர் கைதானார். விடுதிகள் எல்லாம் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று மாவட்ட நிர்வாகம் நெருக்கியது அதற்குப் பிறகுதான். சட்டம் வந்து நான்கு ஆண்டுகள் கடந்திருந்தன. இடைப்பட்ட காலத்தில் ஆய்வு செய்ய வேண்டியவர்கள் செய்திருந்தால் அந்தப் பெண்கள் தங்களைத் தாங்களே காப்பாற்றிக்கொள்ள வேண்டிய நிலை வந்திருக்காது.

இனி, இந்தக் கட்டுரையின் மையத்துக்கு வரலாம்: சம்பளம் கொடுப்பவரே கட்டிலும் கொடுக்கும் ஏற்பாடு.

வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' (2010) ரங்கநாதன் தெரு ஜவுளிக்கடை ஊழியர்களின் தங்குமிடத்தைத் திரையில் கொண்டுவந்தது. கூடம் நிறைய மனிதர்கள், கட்டில்கூடக் கிடையாது. அந்தக் காட்சிகள் பார்வையாளர்களை உலுக்கின. 2021இல் தமிழக அரசு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, நாள் முழுக்க நின்றே வேலை செய்கிறவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்றது. அது நல்ல சட்டம். ஆனால் இரவில் அவர்கள் படுக்கும் இடத்தைப் பற்றி அந்தத் திருத்தம் பேசவில்லை. மேற்கு மாவட்டங்களின் நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் நடந்ததையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். மூன்று ஆண்டு ஆலை விடுதியில் தங்கி வேலை செய்தால் கடைசியில் கல்யாணத்துக்கு மொத்தமாக ஒரு தொகை. நடுவில் விட்டுப் போனால் தொகை கைக்கு வருமா என்பது சந்தேகம். வெளியே போவதற்கும் போன் பேசுவதற்கும் கட்டுப்பாடு. அங்கே விடுதியின் கதவு ஆலையின் கதவாகவே இருந்தது.

உத்திரமேரூருக்கு இது தூரத்துக் கதை அல்ல. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், சுங்குவார்சத்திரம் எல்லாம் இதே காஞ்சிபுரம் மாவட்டம். 1990களின் இறுதியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், 2006இல் நோக்கியா, 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் என்று ஆலைகள் வரிசையாக வந்தன. பக்கத்து கிராமத்துப் பெண்கள் கம்பெனி பஸ்ஸில் ஏறி ஷிப்டுக்குப் போய்வருகிறார்கள். தொலைவு மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள் விடுதியில் தங்குகிறார்கள். மாநகரம் சுங்கச்சாவடிகளைத் தாண்டிக் கிராமத்துக்குள் வந்துவிட்டது. கூடவே விடுதியும் வந்துவிட்டது.

2021 டிசம்பர் நடுவில் பூந்தமல்லி அருகே ஒரு விடுதியில் தங்கியிருந்த ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்களுக்குச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் போனது. இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டார்கள். 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். வேலைக்கு வராத தோழிகள் எங்கே என்ற கேள்விக்குத் தெளிவான பதில் கிடைக்கவில்லை. இறந்துவிட்டார்கள் என்று வதந்தி பரவியது. அது உண்மையில்லை என்று அதிகாரிகள் சொன்னதை யாரும் நம்பத் தயாராக இல்லை. டிசம்பர் 17 இரவு தொடங்கிப் பெண்கள் சென்னை - பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். சுமார் 17,000 பேர் வேலை பார்த்த, ஐபோன் பூட்டும் ஆலை மூடப்பட்டது. ஒரே அறையில் ஆறு முதல் முப்பது பேர் வரை தங்கியது, தரையில் படுத்தது, சில இடங்களில் கழிப்பறையில் தண்ணீர் இல்லாதது எல்லாம் அதன் பிறகே ராய்ட்டர்ஸ் செய்தியாக உலகத்துக்குத் தெரிந்தன. ஆப்பிள் நிறுவனம் அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. 2022 ஜனவரி 12 அன்று ஆலை திரும்பத் திறந்தது.

இந்தச் சம்பவத்தை உணவு நஞ்சானது என்ற ஒரு வரியில் முடித்துவிடுவது அந்தப் பெண்களுக்குச் செய்யும் அநியாயம். விடுதியை நடத்தியவர்கள் ஒப்பந்தக்காரர்கள். சாப்பாடு சரியில்லை என்று வார்டனிடம் சொன்னால், அந்தப் புகார் வேலையைப் பாதிக்குமோ என்ற பயம் கூடவே வரும். மேன்ஷன்வாசி மெஸ்ஸில் சாம்பார் பிடிக்காவிட்டால் அடுத்த தெருவுக்குப் போவார். ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் இறக்கிவிடும் விடுதியில், நெடுஞ்சாலை ஓரத்தில், அடுத்த தெரு என்று ஒன்று கிடையாது. கடைசியில் அவர்களுக்கு எஞ்சியது நெடுஞ்சாலைதான்.

அரசு சும்மா இருக்கவில்லை. 2024 ஆகஸ்ட் 17 அன்று ஸ்ரீபெரும்புதூரை அடுத்த வல்லம் வடகாலில் மாநில அரசு நிறுவனமான சிப்காட் கட்டிய தொழிலாளர் குடியிருப்பை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் திறந்துவைத்தார், ஃபாக்ஸ்கான் தலைவர் யங் லியூவும் வந்திருந்தார். செலவு 706.50 கோடி ரூபாய். 13 கட்டடத் தொகுதிகள், ஒவ்வொன்றிலும் 240 அறைகள், அறைக்கு ஆறு பேர். ஆக 18,720 பெண்கள் தங்கலாம். முப்பது பேர் தரையில் படுத்த அறையிலிருந்து ஆறு பேர் கட்டிலில் படுக்கும் அறைக்கு வந்தது பெரிய முன்னேற்றம். அதில் ஐயம் வேண்டாம். அரசே நிலமும் கடனும் ஏற்பாடு செய்து இவ்வளவு பெரிய விடுதியைக் கட்டியிருப்பதும் பாராட்ட வேண்டியது. ஆனாலும் அங்கே கட்டில் கிடைப்பது கம்பெனி வழியாகத்தான். ஒரு பெண் வேலையை விட்டால், அல்லது வேலை அவளை விட்டால், சம்பளத்தோடு கட்டிலும் போய்விடும். சுவர் மாறியிருக்கிறது, முதலாளி வழியாகவே கட்டில் என்ற ஏற்பாடு மாறவில்லை.

சம்பளமும் கட்டிலும் ஒரே கையில் இருந்தால் என்ன ஆகும் என்பதைச் சிங்கப்பூரில் வேலை செய்யும் தமிழர்கள் 2020இல் அனுபவித்தார்கள். அங்கே கட்டுமானம், கப்பல் பட்டறை வேலைகளில் இருந்த மூன்று லட்சத்துக்கும் அதிகமான வெளிநாட்டுத் தொழிலாளர்கள் விடுதிகளில் தங்கியிருந்தார்கள். தமிழகத்திலிருந்து போனவர்கள் அவர்களில் கணிசம். ஒரே அறையில் பன்னிரண்டு, பதினாறு பேர், பலருக்கு ஒரே கழிப்பறை. கொரோனா விடுதிக்குள் நுழைந்ததும் கதவுகள் சாத்தப்பட்டன. அந்த ஆண்டு முடிவில் விடுதிவாசிகளில் 47 விழுக்காட்டினருக்குத் தொற்று வந்துபோயிருந்தது தெரிந்தது. சிங்கப்பூர் அதிலிருந்து பாடம் கற்றது. 2021இல் புதிய விடுதிகளுக்கு வகுத்த விதிகளின்படி அறைக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் கூடாது. ஆறு கட்டிலுக்கு ஒரு கழிப்பறையும் குளியலறையும் அறையோடு சேர்ந்தே இருக்க வேண்டும். ஒருவருக்குக் குறைந்தது 4.2 சதுர மீட்டர் இடம் வேண்டும். எண்களை எழுதிவைப்பதில் இருக்கும் பலன் இது: ஆய்வுக்குப் போகும் அதிகாரி டேப் பிடித்து அளந்தால் போதும்.

இடம் போதும், தண்ணீர் வருகிறது, சுத்தம் இருக்கிறது. அதற்குப் பிறகும் ஒரு பிரச்சினை மிச்சமிருக்கும். லண்டனில் ரவ்டன் பிரபு 1892இல் வாக்ஸ்ஹாலில் தொடங்கிய மலிவு விடுதிகள் அந்தக் காலத்தில் முன்மாதிரி. ஓர் இரவுக்கு ஆறு பென்ஸ். தனித் தடுப்பறை, குளியலறை, வாசிப்பறை. வறியவர்களோடு விடுதி விடுதியாகத் தங்கி 1933இல் புத்தகம் எழுதிய ஜார்ஜ் ஆர்வெல், லண்டனின் மலிவு விடுதிகளில் இவையே சிறந்தவை என்று ஒப்புக்கொண்டார். அவருக்கு இருந்த ஒரே குறை அங்கிருந்த கறாரான கட்டுப்பாடுகள்: சமைக்கக் கூடாது, சீட்டாடக் கூடாது. காசு கொடுத்துத் தங்கும் வளர்ந்த மனிதனைப் பள்ளிப் பிள்ளை போல நடத்துவது நல்ல கட்டடத்தையும் கெடுத்துவிடும். நம் பெண்கள் விடுதிகள் பலவற்றில் இரவு சீக்கிரமே கதவு பூட்டுகிறார்கள். ஷிப்ட் முடிந்து பத்து மணிக்கு வருகிறவள் காவலாளியிடம் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. பாதுகாப்பு என்ற பெயரில் நடப்பதில் எவ்வளவு பாதுகாப்பு, எவ்வளவு கண்காணிப்பு என்று பிரித்துப் பார்க்க வேண்டிய காலம் எப்போதோ வந்துவிட்டது.

வரி விஷயத்தில் விடுதிவாசிகளுக்கு ஒரு வெற்றி கிடைத்தது. 2022 ஜூலையில் ஜிஎஸ்டி விலக்குகள் மாறிய பிறகு, விடுதி வாடகைக்கு 12 விழுக்காடு வரி உண்டு என்று அதிகாரிகள் சொல்லத் தொடங்கினார்கள். மாதம் 6,000 ரூபாய் பெட்டுக்கு 720 ரூபாய் கூடுதல். சென்னை, கோவை பெண்கள் விடுதி உரிமையாளர்கள் வழக்குப் போட்டார்கள். விடுதி என்பது தங்கியிருப்பவருக்கு வீடுதான், அதற்கு ஜிஎஸ்டி கிடையாது என்று 2024 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி தீர்ப்பளித்தார். மூன்று மாதத்தில், 2024 ஜூன் 22 அன்று கூடிய ஜிஎஸ்டி கவுன்சில் மாதம் 20,000 ரூபாய் வரையிலான விடுதிக் கட்டணத்துக்கு விலக்கு தந்தது. ஒரு நிபந்தனை மட்டும்: தொடர்ந்து 90 நாளாவது தங்க வேண்டும். தேர்வுக்கும் நேர்காணலுக்கும் வந்து பத்து நாள் தங்குகிறவருக்கு இந்த விலக்கு பொருந்தாது. செங்கல்பட்டு அரசு மருத்துவமனையிலிருந்து சென்னைக்கு அனுப்பப்படும் நோயாளியோடு துணைக்கு வந்து மூன்று வாரம் தவிக்கிறவருக்கும் பொருந்தாது.

விடுதிவாசிக்காகப் பேச ஏன் ஆளில்லை என்பதற்கு உத்திரமேரூரிலேயே ஒரு தடயம் இருக்கிறது. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்தில், 919லும் 921லும் வெட்டிய, ஊர்ச் சபைத் தேர்தல் முறையைச் சொல்லும் குடவோலைக் கல்வெட்டுகளை நாம் பெருமையோடு காட்டுகிறோம். வாரிய உறுப்பினராக வேண்டுமென்றால் வரி கட்டும் நிலம் இருக்க வேண்டும், சொந்த மனையில் கட்டிய வீட்டில் குடியிருக்க வேண்டும், வயது 35க்கு மேல் 70க்குள் இருக்க வேண்டும் என்று அவற்றில் பிந்தையது சொல்கிறது. இன்றைக்கு எந்தச் சட்டமும் அப்படிக் கேட்பதில்லை. விடுதி முகவரியிலேயே வாக்காளராகப் பதிவு செய்துகொள்ளவும் வழி இருக்கிறது. ஆனால் எத்தனை மாதம் அந்தக் கட்டிலில் இருப்போம் என்று தெரியாதவர்களில் பலர் அந்த வேலையைச் செய்வதில்லை. ஓட்டு ஊரில், ரேஷன் ஊரில், உடம்பு நகரத்தில். திருவல்லிக்கேணியிலோ ஸ்ரீபெரும்புதூரிலோ ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் மேன்ஷன் படியிலும் லேடீஸ் ஹாஸ்டல் வாசலிலும் ஏறுவதற்கு அவசியம் ஏற்படவில்லை. பதினெட்டாயிரம் பெண்கள் தங்கும் ஒரு குடியிருப்பு ஒரு பேரூராட்சி அளவு ஜனத்தொகை. அதன் தண்ணீருக்கும் சாப்பாட்டுக்கும் அவர்கள் யாரைப் பொறுப்பாக்கிக் கேள்வி கேட்பது?

நம்பிக்கை தரும் மாதிரிகள் இல்லாமலில்லை. தமிழ்நாடு பணிபுரியும் மகளிர் விடுதிகள் நிறுவனம் 'தோழி' என்ற பெயரில் நடத்தும் விடுதிகள் எந்தக் கம்பெனியோடும் கட்டப்பட்டவை அல்ல. தாம்பரம் விடுதி 2023 ஜூலையில் திறந்தது. கூடுவாஞ்சேரி, பரங்கிமலை, அடையாறு, ஓசூர், திருச்சி என்று வரிசை நீள்கிறது. அங்கே ஒரு பெண் தன் பெயரில் விண்ணப்பித்துத் தன் பெயரில் கட்டில் வாங்குகிறாள். முதலாளி மாறினாலும் தலையணை அதே இடத்தில் இருக்கும். கேரளத்தில் பாலக்காட்டை அடுத்த கஞ்சிக்கோட்டில் வெளிமாநிலத் தொழிலாளர்களுக்காக 620 பேர் தங்கும் 'அப்னா கர்' 2019இல் திறந்தது. 2024-25 மத்திய பட்ஜெட்டும் தொழிற்பேட்டைத் தொழிலாளர்களுக்கு வாடகை விடுதிகளை அரசு - தனியார் கூட்டில் கட்டப்போவதாக அறிவித்தது. அந்தக் கூட்டில் தனியார் என்பது ஆலை முதலாளியே என்றால் வல்லம் வடகாலின் கேள்வி அங்கேயும் எழும்.

அதனால் இனி கட்டப்போகும் ஒவ்வொரு தொழிலாளர் விடுதியிலும் ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை சில உண்டு. கட்டில் ஒதுக்கீடு தொழிலாளியின் பெயரில் இருக்க வேண்டும். வேலை போனபின் இரண்டு மாதமாவது வாடகை கட்டி அங்கேயே இருக்கும் உரிமை வேண்டும். சமையற்கூடத்தைப் பார்வையிட விடுதிவாசிகளே தேர்ந்தெடுத்த குழு வேண்டும். இரவு எப்போது கதவு திறக்கும் என்பதை ஷிப்ட் நேரம் தீர்மானிக்க வேண்டும். 706 கோடியில் கட்டடம் எழுப்ப முடிந்த அரசுக்கு இந்த நான்கு வரிகளை எழுத ஒரு பைசா செலவாகாது.